மணல் சிங்கம் தோற்க அனுமதி இல்லை

'வெள்ளி மோதல்' மல்யுத்த நிகழ்ச்சியின் பத்தாம் ஆண்டு மலரில் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது. நல்ல பளபளப்பான தாள். முதல் பக்கத்தில் நிர்வாகி கலீல் ரஹ்மான் சிரிக்கிறார். இரண்டாம் பக்கத்தில் வேறு கோட்டு போட்டுக்கொண்டு சிரிக்கிறார். நிகழ்ச்சியின் வரலாறு மூன்றாம் பக்கத்தில் தொடங்கி அதே பக்கத்தில் முடிந்துவிடுகிறது, மிச்சமெல்லாம் விளம்பரம். அந்த வரலாற்றை எழுதியவன் நான்தான். நிகழ்ச்சிக்குத் தமிழில் வர்ணனை சொல்வதும் நான்தான். கிறிஸ்துதாஸைப் பற்றி ஒரு பத்தி எழுதிக் கொடுத்திருந்தேன். இடம் போதவில்லை என்று எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்தில் ஓர் அரிசி மூட்டையின் படம் இருக்கிறது. விட்டுப்போன பத்தியை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஷார்ஜா தொழிற்பேட்டையில் பழைய டயர் கிடங்கு ஒன்றில் படப்பிடிப்பு நடக்கிறது. டயர் வாசனை இன்னும் போகவில்லை. அந்த வாசனையால்தான் மல்லர்களுக்கு ஆவேசம் வருகிறதென்று நிர்வாகம் நம்புகிறது, ஜன்னல் வைப்பதைவிட நம்புவது சுலபம். ஒளிபரப்புவது பகலெல்லாம் கம்பளமும் குக்கரும் விற்கும் ஒரு சேனல். தொடங்கிய காலத்தில் நிகழ்ச்சி வெள்ளிக்கிழமையில்தான் நடந்தது. பிறகு நாட்டில் வார விடுமுறை மாறியது. தொழிலாளர் கேம்ப் ஆட்களுக்கு ஞாயிறுதான் லீவு என்று ஆனபின், பஸ் வைத்து ஏற்றிவந்து கைதட்ட வைக்க வெள்ளிக்கிழமையில் ஆள் கிடைக்கவில்லை. நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தது, பெயர் மட்டும் வரவில்லை. பெயரை மாற்றினால் பனியன், கோப்பை, வாசல் பலகை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். இதை ஆராய ஒரு கமிட்டி போட்டார்கள். இனி அலுவலகக் காகிதங்களில் ஞாயிற்றுக்கிழமையை 'நிகழ்ச்சி வெள்ளி' என்று எழுதலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. ஆகவே எங்களுக்கு வாரத்தில் இரண்டு வெள்ளி. இரண்டிலும் லீவு கிடையாது.

யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதைக் கதைத் துறை தீர்மானிக்கும். அதற்குத் தலைவர் ஸ்ரீகாந்த், சென்னைக்காரர், வாயில் எப்போதும் ஒரு பேனா மூடி இருக்கும். யாருக்கு எங்கே அடிபட வேண்டும் என்பதைக் காயத் துறை தீர்மானிக்கும். அனுமதி இல்லாமல் ரத்தம் வந்தால் விளக்கம் கேட்டு மெமோ வரும். எந்த நாட்டுத் தூதரகமும் வருத்தப்படக் கூடாதென்பதற்காக கதையில் மல்லர்கள் எவரும் சொந்த நாட்டிலிருந்து வருவதில்லை. காத்மாண்டுக்காரர் மங்கோலிய வேடனாக வருவார். லாகூரிலிருந்து வந்த ஷேரா ஒரு கிரேக்க வீரர். இந்த ஷேரா ஒருவர்தான் எங்களில் உண்மையான பயில்வான். மற்ற வெள்ளியில், அதாவது நிஜ வெள்ளியில், வேலை முடிந்தபின் துபாயில் தேரா பக்கம் மணல் திடலில் குஸ்தி போட்டு நாலு பேரைச் சாய்த்துவிட்டு வருவார். எங்களிடம் வந்து தோற்பார். தோற்பதில் அவருக்கு நல்ல கைராசி என்று ஸ்ரீகாந்த் பாராட்டுவார்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் கிறிஸ்துதாஸ் விழுந்தார். விழுந்தார் என்று நான் சொல்வது மேலேயிருந்து கீழே விழுந்ததைத்தான்.

அவர் ஏசி மெக்கானிக். கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். வளைகுடாவுக்கு வரும் முன்பு வலை இழுத்தவர், தோள் அகலம் அதனால் வந்தது. அன்று அரங்கத்தில் குளிர் வரவில்லை. கூரையில் குளிர்காற்று போகும் தகர டக்டுக்குள் புறா செத்துக் கிடக்கிறதென்று புகார். படப்பிடிப்பை நிறுத்தாமலே அவரை மேலே ஏற்றிவிட்டார்கள். கீழே அப்போதைய சாம்பியன் 'இரும்பு இளவரசன்' தன் எதிராளியைச் சாய்த்துவிட்டு, பெல்ட்டைத் தூக்கிப் பிடித்தபடி மார்தட்டிக்கொண்டிருந்தார். தகரம் விட்டுப்போய், கிறிஸ்துதாஸும் ஒரு ஸ்பேனரும் அந்தப் புறாவும் சேர்ந்து இளவரசன்மேல் இறங்கினார்கள். இளவரசன் மல்லாந்துவிட்டார். அவர் நெஞ்சின்மேல் கிறிஸ்துதாஸ், எழுந்திருக்கவும் தெரியாமல்.

எங்கள் நடுவர் பெயர் யஹ்யா. காயல்பட்டினத்துக்காரர், அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். பர் துபாய் மீனா பஜாரில் தையல்காரராக இருந்தவர். நடுவருக்கான கோடு போட்ட சட்டையைத் தைத்துக்கொண்டு வந்தவரையே அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லி வேலைக்கு வைத்துவிட்டார்கள். இரண்டு தோளும் மேடையில் பட்டால் மூன்று வரை எண்ண வேண்டும் என்பது மட்டும்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். தோள் பட்டது, எண்ணினார். மணி அடிப்பவர் மணி அடித்தார். பழக்க தோஷம், என் வாயும் "இதோ புதிய சாம்பியன்" என்று சொல்லிவிட்டது. இந்தப் பத்தாண்டில் முன்கூட்டியே முடிவு எழுதப்படாத போட்டி அது ஒன்றுதான். பார்த்தவர்கள் எண்ணிக்கையும் அந்த வாரம்தான் மளமளவென்று ஏறியது.

இளவரசனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. காயத் துறையின் அனுமதி பெறாமல் முறித்துக்கொண்டதற்கு மெமோ கொடுத்து, ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். கையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அவர் போனதைப் பார்த்து எல்லோரும் பரிதாபப்பட்டோம். அந்தப் பரிதாபம் பிற்பாடு பொறாமையாக மாறியது.

கிறிஸ்துதாஸை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். டக்டை உடைத்ததற்குத் திட்டப்போகிறார்கள் என்று நினைத்து அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், எனக்கு மல்லுக்கட்டு தெரியாது. நான் ஏசி பாக்க வந்தவன்" என்றார், விஷயம் தெரிந்ததும்.

"தெரிஞ்ச ஆளு நமக்கு எதுக்குங்க?" என்றார் கலீல் ரஹ்மான். "தெரிஞ்சவன் நெசமாவே அடிச்சுப்புடுவான். ஒங்கள மாதிரி ஒண்ணும் தெரியாத நல்ல மனுசங்களாலதான் இந்த ஷோ பத்து வருசமா ஓடுது. நானே எடுத்துக்காட்டு."

விசாவில் ஏசி டெக்னீசியன் என்று இருந்தது 'கலைஞர்' என்று மாறியது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கதையில் மல்லன் ஓய்வு பெற்றால்தான் ஆள் வேலையை விடலாம் என்று அதில் இருந்தது. பாஸ்போர்ட் கலீல் ரஹ்மானின் அலமாரிக்குப் போனது. "பத்திரமா இருக்கும்" என்றார். எங்கள் எல்லோருடையதும் அங்கேதான் பத்திரமாக இருக்கிறது. வேறு யாருக்கோ வாங்கி, அந்த ஆளுக்கு விசா வராததால் சும்மா கிடந்த மஞ்சள் முகமூடி ஒன்றை கிறிஸ்துதாஸ் தலையில் மாட்டினார்கள். கொஞ்சம் சிறியது, காது மடங்கித்தான் உள்ளே போகும். பெயர் மணல் சிங்கம், சொந்த ஊர் பனிமலை நாடு. மணல் சிங்கம் எப்படிப் பனிமலையிலிருந்து வரும் என்று ஸ்ரீகாந்திடம் கேட்டேன். "லாஜிக் கேட்டா அப்புறம் எல்லாத்துக்கும் கேக்கணும் பாஸ்" என்றார். நியாயமான பதில்.

அதன்பிறகு கிறிஸ்துதாஸ் ஒவ்வொரு நிகழ்ச்சி வெள்ளியிலும் ஜெயித்தார். ஜெயிப்பதில் அவருக்கு வேலை அதிகமில்லை. ஷேரா ஓடிவந்து இவர் கைமேல் மோதி, தானே தூக்கிவிட்டுக்கொண்டு, தானே விழுவார். இவர் மேலே படுத்தால் போதும். ஆனால் முகமூடியைக் கழற்றக் கூடாது. பஸ்ஸில் கழற்றக் கூடாது, மெஸ்ஸில் கழற்றக் கூடாது, பல்வலிக்குக் கிளினிக் போனபோதுகூட பல் டாக்டர் முகமூடியின் வாய்த்துளை வழியாகத்தான் பிடுங்கினார். வெளியில் தமிழ் பேசக் கூடாது, பனிமலை மொழிதான் பேச வேண்டும். பனிமலை மொழி என்று ஒன்று இல்லாததால் அவர் பேசாமல் இருந்தார். நானும் அவரும் ஒரே ரூம். கதவைச் சாத்தியதும் முகமூடியை உருவிவிட்டு, காதைத் தேய்த்துக்கொண்டே ஊர்க்கதை பேச ஆரம்பிப்பார். அவர் மனைவி லீமா நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் ரெனிஷா. அவளுக்கு மட்டும் ரகசியத்தைச் சொல்லியிருந்தார், சிங்கம் தன் அப்பாதான் என்று. அவள் தேவாலயத்து மறைக்கல்வி வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். யாரும் நம்பவில்லை.

மே மாதம் ரெனிஷாவுக்குப் புதுநன்மை. தேவாலயத்தில் முதல் தடவையாக நற்கருணை அப்பம் வாங்கும் பிள்ளைகள் வெள்ளை உடுப்பும் கையில் மெழுகுதிரியுமாகப் பீடத்துக்கு நடக்கும்போது, ஒரு பக்கம் அப்பனும் மறுபக்கம் அம்மையும் நடக்க வேண்டும்.

"ஞானஸ்நானத்துக்கு நான் இல்லண்ணே" என்றார் என்னிடம். "பள்ளிக்கூடத்துல சேத்தப்பவும் இல்ல. இதுக்காவது எனக்க மவளுக்கப் பக்கத்துல நிக்கணும். ஒண்ணும் பெரிசா கேக்கல, ஒரு வாரம் லீவுதான்."

லீவு கேட்டார். அதற்காக ஒரு கூட்டம் கூடியது. கூட்டம் நடந்ததாக யாராவது எழுத வேண்டும் என்பதால் என்னையும் உட்கார வைத்தார்கள்.

"லீவு யாருக்கு?" என்று தொடங்கினார் ஸ்ரீகாந்த்.

"எனக்குத்தான் சார்."

"நீங்கன்னா? கிறிஸ்துதாஸுக்கா, சிங்கத்துக்கா? கிறிஸ்துதாஸ்னா, அந்த ஆள் ஏசி செக்ஷன்ல இருந்து ரிலீவ் ஆயாச்சு. நம்ம கம்பெனில இப்ப அப்படி ஒருத்தர் இல்ல. இல்லாதவருக்கு லீவு குடுத்தா ஆடிட்ல மாட்டுவோம்."

"அப்போ சிங்கத்துக்கே குடுங்க சார். எப்படின்னாலும் நான்தான போவப் போறேன்."

"அங்கதான் பிரச்சனை." ஸ்ரீகாந்த் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். முக்கியமான விஷயம் என்றால்தான் எடுப்பார். "காரணம்னு போட்ட இடத்துல 'மகளின் விழா'ன்னு எழுதியிருக்கீங்க. சிங்கம் அனாதை பாஸ். பனிமலையில ஓநாய் வளர்த்த புள்ள. கல்யாணமே ஆகல. கல்யாணம் ஆகாதவனுக்கு எப்படிப் பொண்ணு வரும்? பேமிலி ஆடியன்ஸ் பாக்குற ஷோ இது."

கிறிஸ்துதாஸ் கலீல் ரஹ்மானைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லைங்க" என்றார் அவர். "எனக்கும் புள்ளைங்க இருக்கு. அந்தந்தப் புள்ளையோட விழாவுக்கு நான் ஊருக்குப் போயிட்டுத்தான வாரேன். ஒங்க மனசு எனக்குப் புரியும். ஆனா அது கலீல் ரஹ்மான்ங்கிற மனுசனுக்கு. நிர்வாகின்னு வந்துட்டா எனக்கு மனசு கெடையாது, அத நான் பெருமையாவே சொல்லுவேன். அப்புறம் அரிசி. ஒங்க மூஞ்சி... அதாவது சிங்கத்து மூஞ்சி மூட்டையில இருக்கு. 'தோற்காத அரிசி'ன்னு போட்டு வித்துக்கிட்டு இருக்காங்க. சாம்பியன் இல்லாத வாரம்னு ஒண்ணு வந்தா அரிசிக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"அப்போ நான் தோத்தா?"

"தோத்தா சாம்பியன் இல்ல. சாம்பியன் இல்லாதவரு தாராளமா போலாம். யாரு தடுக்கப்போறா?" என்று கலீல் ரஹ்மான் கைகளை விரித்தார். அந்த வார்த்தையைக் கிறிஸ்துதாஸ் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கூட்டக் குறிப்பில் அது வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள்.

கதைத் துறைக்கு ஈவு இரக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்த வாரமே ஸ்ரீகாந்த் ஒரு வழி கண்டுபிடித்தார். சிங்கத்துக்கு மகள் இல்லை என்பதுதானே சிக்கல்? ஒரு மகளைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. துபாய் கராமாவிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் அம்மாக்கள் பெண்பிள்ளைகளை அலங்கரித்துக் கூட்டிவந்து வரிசையில் நின்றார்கள். எல்லாப் பிள்ளைகளையும் அழச் சொல்லிப் பார்த்து ஆமிரா என்ற சிறுமியைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்பாவாக நடிக்க வேண்டியவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆமிரா இங்கேயே வளர்ந்தவள். அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அங்கிள், யூ ஸ்மெல் லைக் டயர்ஸ்" என்றாள். நல்ல குழந்தை, உண்மை பேசியவள் அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திதான்.

இப்போது லீவு மனு ஒப்புதலாகி வந்தது. காரணம்: மகளின் விழா. இடம்: மேடை. நிகழ்ச்சி வெள்ளியன்று மேடையில் கேக் வைத்து, சிங்கம் தன் காணாமல்போன மகளை இருபது நிமிடம் தோளில் சுமந்துகொண்டு நின்றது. கேம்ப் ஆட்களில் நிறையப் பேர் அழுதார்கள், அவர்களை யாரும் அழச் சொல்லவில்லை. கைதட்டலை மேற்பார்வை செய்கிறவர் குழம்பிப்போய் பிரியாணிப் பொட்டலத்தைச் சீக்கிரமே கொடுக்கச் சொல்லிவிட்டார். அன்று லீவு நாள் என்பதால் கிறிஸ்துதாஸுக்கு அந்த நாளின் சம்பளம் கிடையாது.

மறுநாள் ரெனிஷா வீடியோ காலில் வந்தாள். யூட்யூபில் பார்த்திருக்கிறாள்.

"அப்பா, அந்தப் பிள்ள ஆரு?"

"அது டூட்டி மக்ளே."

"ஒங்கள டாடின்னு கூப்பிட்டா."

"டூட்டியில அப்படித்தான் கூப்பிடுவாவ."

அவள் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். லீமாவின் முகம் வந்தது. "பிள்ள நேத்துல இருந்து சரியா சாப்பிடல. நீங்க வருவிய இல்லியா? வரலன்னா இப்பவே சொல்லிருங்க, நான் எதாவது சொல்லித் தேத்தணும்." கிறிஸ்துதாஸ் வருவேன் என்றார்.

அன்றே அவர் ஷேராவிடம் போய்ப் பேசினார். இருவருக்கும் பொதுவான பாஷை உடைந்த ஹிந்திதான். பேச அதிகம் தேவைப்படவில்லை. "தாஸ் பாய், நான் என் ஊரில் ஒருத்தனிடமும் முதுகு காட்டியதில்லை. என் மகன் இங்கே நான் தோற்பதை டிவியில் பார்க்கிறான். ஒரே ஒரு தடவை ஜெயிக்க விடு" என்றார் ஷேரா. இவர், "ஒரே ஒரு தடவை தோற்க விடு" என்றார். ஒருவன் ஜெயிக்கத் துடிக்கிறான், மற்றவன் தோற்கத் துடிக்கிறான். உலகத்தில் இதைவிடச் சுமுகமாக ஒரு போட்டி நடக்க வழியில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷேரா எங்கள் மேடையில் முதல் தடவையாக நிஜமாகக் குஸ்தி போட்டார். கிறிஸ்துதாஸை அலாக்காகத் தூக்கி, யாருக்கும் நோகாமல், வெகு அழகாக மேடையில் கிடத்தி மேலே அமர்ந்தார். இரண்டு தோளும் மேடையில் பதிந்திருந்தன. கூட்டம் எழுந்து நின்றது. யஹ்யா மண்டியிட்டார். "ஒண்ணு" என்றார். "ரெண்டு" என்றார். பிறகு தன் ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார்.

ஒரு லேஸ் கட்டி முடிந்தது. அடுத்ததை அவிழ்த்துக் கட்டினார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"யஹ்யா காக்கா, எண்ணும்" என்றார் கிறிஸ்துதாஸ் கீழே இருந்து.

"எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"மூணு எங்க?"

"வரும்."

வரவில்லை. நேரலை என்று திரையில் போட்டிருந்தாலும் எங்கள் நேரலை அரை மணி நேரம் பழையது. அரிசி விளம்பரத்தைப் போட்டு, விளம்பரம் முடிந்ததும் வேறொரு வாரம் சிங்கம் ஜெயித்த காட்சியைச் சேர்த்துவிட்டார்கள். அதில் ஷேரா நீல டவுசரும் இதில் சிவப்பு டவுசரும் போட்டிருந்தார். மறுநாள் ஒருவரும் கேட்கவில்லை.

ரூமுக்கு யஹ்யாவே வந்தார், தலையைக் குனிந்துகொண்டு. "கோவிச்சுக்கிடாதீங்க தாஸ். மஞ்ச முகமூடியோட தோள் மேடையில பட்டா மூணு வராதுன்னு கலீல் காக்கா சொல்லிட்டாங்க. எழுதியே குடுத்துட்டாங்க. மஞ்ச முகமூடி ஜெயிக்கணும், அவ்வளவுதான் எனக்கு உத்தரவு. மத்ததெல்லாம் பெரிய எடத்து விசயம். எனக்கு எண்ண மட்டும்தான் தெரியும்."

"மஞ்ச முகமூடின்னா எழுதியிருக்கு?" என்று கிறிஸ்துதாஸ் மறுபடி கேட்டுக்கொண்டார். அன்று அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

அடுத்த நிகழ்ச்சி வெள்ளியில் மணி அடித்ததும் கிறிஸ்துதாஸ் தன் முகமூடியைக் கழற்றினார். நான் வாயைத் திறந்தவன் மூடவில்லை. கழற்றி, அதை ஷேராவின் தலையில் மாட்டினார். ஷேராவின் தலை பெரிது, கண் துளை ஒன்று நெற்றிக்குப் போய்விட்டது. பிறகு கிறிஸ்துதாஸ் ஒழுங்காக மேடையில் மல்லாந்து படுத்து, இரண்டு தோளையும் தானே பதித்துக்கொண்டு, "வாரும்" என்றார். ஷேரா தடவிப் பார்த்து அவர்மேல் படுத்தார்.

யஹ்யா உத்தரவை மனதுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். அது அவர் முகத்தில் தெரிந்தது. மஞ்சள் முகமூடி மேலே இருக்கிறது. மஞ்சள் முகமூடி ஜெயிக்க வேண்டும். அவர் மேடையைத் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று மனச்சாட்சிக்குக் குறைவில்லாமல் எண்ணினார். மணி அடித்தது. வெறும் முகத்தோடு கிடந்த கிறிஸ்துதாஸ் சிரித்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வெளிச்சத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அன்று ராத்திரியே பெட்டியை அடுக்கிவிட்டார். மறுநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். திட்டுவார்கள் என்று நான் நினைத்தேன். கலீல் ரஹ்மான் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

"என்ன மூளைங்க ஒங்களுக்கு. எங்க கதைத் துறை பத்து வருசமா செய்யாததச் செஞ்சுட்டீங்க. சிங்கத்துக்கு ஒரு நெச பயில்வான் கெடச்சாச்சு. அரிசிக்காரங்க போன் பண்ணிப் பாராட்டுறாங்க, சிங்கம் சதை போட்டுருக்கு, நம்ம அரிசியாலதானேன்னு. வீடியோவுல ஒங்க மூஞ்சி தெரிஞ்ச எடத்துல எல்லாம் பச்சை அடிச்சு மறைச்சாச்சு, கவலப்படாதீங்க."

"சந்தோசம் சார். நான் தோத்தாச்சு. சாம்பியன் இல்ல. பாஸ்போர்ட்டத் தந்தா டிக்கெட் போட்டுருவேன். புதுநன்மைக்கு இன்னும் நாள் இருக்கு."

கலீல் ரஹ்மான் உட்கார்ந்தார். ஸ்ரீகாந்த் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார்.

"பாஸ், நீங்க போயிட்டா சிங்கம் யார ஜெயிக்கும்?" என்றார் ஸ்ரீகாந்த். "சாம்பியன்னா மாத்து ஆள் போட்டுக்கலாம், நேத்து நீங்களே போட்டுக் காட்டினீங்க. தோக்குறதுக்கு ஆள் கிடைக்கிறதுதான் கஷ்டம். மனசார தோக்குற ஆள நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல. நேத்து நீங்க படுத்த மாதிரி, அந்த முகத்துல அந்த நிம்மதி, அதெல்லாம் சொல்லிக்கொடுத்து வராது."

"நீங்கதான சார் சொன்னிய, தோத்தா தாராளமா போலாம்னு?" கிறிஸ்துதாஸ் கலீல் ரஹ்மானைப் பார்த்துக் கேட்டார்.

"குறிப்புல இருக்கா?" என்று கலீல் ரஹ்மான் என்னைப் பார்த்தார். இல்லை. "பாருங்க, நான் ஒரு வார்த்த சொன்னா மாற மாட்டேன். ஆனா எந்த வார்த்தன்னு எழுத்துல இருக்கணும். இந்த நிறுவனத்துல இதுவரைக்கும் ஒருத்தரும் வெளிய போகணும்னு ஆசப்பட்டுப் போனதில்ல. அதுல எனக்கு ஒரு பெருமை இருக்கு. ஒங்களால அது கெட்டுப்போகக் கூடாது."

முகமூடிகளை டஜன் கணக்கில் வாங்கி வைத்திருந்தார்கள். கிறிஸ்துதாஸுக்குப் பச்சை வந்தது. பெயர் விஷத் தேள். இதுவும் சிறியதுதான். ஷேரா மஞ்சளைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வாரமும் ஜெயித்தார், பனிமலைக்காரராக, இன்னொருவன் பெயரில். ஜெயித்துவிட்டு வந்து பஸ்ஸின் கடைசி சீட்டில் யாரோடும் பேசாமல் உட்காருவார். மகனுக்கு இப்போது அப்பா டிவியில் வருவதே இல்லை.

புதுநன்மை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் லீமா போட்டோ அனுப்பியிருந்தார். வெள்ளை உடுப்பில் ரெனிஷா, கையில் மெழுகுதிரி. ஒரு பக்கம் லீமா. மறுபக்கம் லீமாவின் அண்ணன், இரவல் சட்டை போட்டவர் மாதிரி சங்கடத்தோடு நின்றார். கிறிஸ்துதாஸ் போட்டோவைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். சாயங்காலம் அரங்கத்தில் அவரை ஷேரா தூக்கிப் போட்டார். யஹ்யா ஒரே மூச்சில் மூன்றையும் எண்ணினார். சிங்கம் ஆமிராவைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேடையைச் சுற்றியது. மைக்கில் நான், "விஷத் தேளின் கதை முடிந்தது" என்று கத்தினேன். அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கத்தியபிறகு தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது போன் வந்தது. பக்கத்து சீட்டில் இருந்த எனக்கும் கேட்டது.

"அப்பா, பாத்தேன். நீங்க ஜெயிச்சிட்டிய."

"ஆமா மக்ளே."

"அம்மா சொன்னா, அந்தப் பச்ச மூஞ்சிக்காரன்தான் ஒங்கள விடாமப் பிடிச்சு வச்சிருக்கான், அவன் தோத்தாத்தான் நீங்க வருவியன்னு. நான் புதுநன்மை வாங்கினப்போ அதத்தான் செபிச்சேன். அவன் தோத்துப் போவணும்னு."

கிறிஸ்துதாஸ் மடியில் இருந்த பச்சை முகமூடியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அவன் பாவம் மக்ளே" என்றார் பிறகு. "அவன் ஆரையும் பிடிச்சு வைக்கல. அவனுக்கும் ஊருக்குத்தான் போவணும். ஒன்ன மாதிரி ஒரு பிள்ள இருக்கு அவனுக்கு."

ரெனிஷா யோசித்தாள். தப்பான ஆளுக்கு எதிராகச் செபித்துவிட்டோம் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். நல்ல மனசு, அப்பனைப் போல.

"அப்போ அடுத்த வாரம் அவன் ஜெயிக்கணும்னு செபிக்கட்டா?"

"வேண்டாம் மக்ளே" என்றார் கிறிஸ்துதாஸ் அவசரமாக. "ஜெயிச்சா மொத்தமா விடவே மாட்டாவ."